துறை மறுக்கப்பட்ட சேவையகம்

இற்றைநாளிற் கல்லூரிகளும் சங்கங்களும் தமக்கென இணையத்தளம் அமைத்துக்கொள்ளுதல் வழக்கமாகிவிட்டது. பரீட்சைப் பெறுபேறுகளும் விழா அறிவித்தல்களும் அதன் வாயிலாகவே பலரைச் சென்றடைகின்றன. அத்தளத்தை வழங்கும் சேவையகம் ஒருநாள், 'துறையைப் பற்ற இயலவில்லை' எனக் கூறி இயங்க மறுக்குமாயின், பொறுப்பாளர் திகைப்படைவர். அத்திகைப்பிற் செய்யும் அவசர வேலைகள் முதற்பழுதினும் பெருங்கேட்டை விளைத்தலும் உண்டு. ஆதலின் இப்பழுதின் இயல்பையும் அதனை நீக்கும் முறையையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

வலையமைப்பில் ஒவ்வொரு கணினிக்கும் ஒரு முகவரி உண்டு. அம்முகவரிக்கு வருஞ் செய்தி எந்தச் செயலிக்கு உரியது என்பதைக் காட்டுவதே 'போர்ட்' எனப்படும் எண்; அதனை நாம் துறை என்போம். துறை எண்கள் 0 முதல் 65535 வரை உள்ளன. இணையப் பக்கங்களுக்கு 80ஆம் துறையும், மறைகுறியாற் காக்கப்பட்ட பக்கங்களுக்கு 443ஆம் துறையும் உரியன. சேவையகம் தொடங்கும்போது தனக்குரிய துறையை இயக்குதளத்திடம் கேட்கின்றது. தோணியொன்று கட்டிய முளையில் வேறொன்றைக் கட்ட இடமின்மை போல, ஒரு முகவரியின் ஒரு துறையிற் பொதுவாக ஒரு செயலியே காத்திருக்கலாம்.

முதலிற் செய்யவேண்டுவது பிழைச்செய்தியை ஊன்றி வாசித்தலாம். லினக்ஸ் இயக்குதளம் காரணத்தை எண்ணாலுங் குறிக்கும். 98 எனின் அவ்விடம் முன்னரே பிறிதொன்றன் வசமாயுள்ளது. 13 எனின் அனுமதி இல்லை. 99 எனின் கேட்ட முகவரி அக்கணினிக்கு உரியதன்று. இவை வெவ்வேறு நோய்கள். ஒன்றன் மருந்து மற்றொன்றைத் தீர்க்காது.

98 எனின், துறையை வைத்திருப்பது யாதென அறிதல் வேண்டும். லினக்ஸில் 'எஸ்எஸ்' என்னுங் கட்டளையும், விண்டோசில் 'நெட்ஸ்டாட்' என்னுங் கட்டளையும் அதனைக் காட்டும். பெரும்பாலும் முன்னர் நிறுத்தப்படாத அதே சேவையகமோ, அப்பாச்சி இருக்கும் கணினியிற் பின்னர் நிறுவப்பட்ட என்ஜின்எக்ஸோ அங்கே காணப்படும். அதனை முறைப்படி நிறுத்துக, வலிந்து கொல்லற்க. அது பாதி எழுதிய தரவு பாழாதல் கூடும். விண்டோசிலே 4 என்னும் செயல் எண் தோன்றின், துறையை வைத்திருப்பது இயக்குதளத்தின் கருவே. அதன்வழித் துறையைப் பயன்படுத்தும் இணையச் சேவையையே நிறுத்தல் வேண்டும்.

எவருமே காத்திருக்கவில்லை, எனினும் 98 தோன்றுகின்றதாயின், அமைப்புக் கோப்புகளைப் பார்க்க. அப்பாச்சியில் 'லிசென் 80' என்னும் வரி இருமுறை எழுதப்பட்டிருப்பின், அது தன்னோடு தானே மோதிக்கொள்ளும். மாணவர் தாமே எழுதிய சேவையகமாயின், முடிவுற்ற இணைப்புகளை இயக்குதளம் சிறிதுபொழுது நினைவில் வைத்திருத்தல் காரணமாகலாம். லினக்ஸில் அது 60 விநாடி. துறையை மீளப் பயன்படுத்தும் விருப்பத்தை நிரலிற் சேர்த்தால் இக்குறை நீங்கும்.

13 எனின், 1024க்குக் கீழ்ப்பட்ட துறைகளை லினக்ஸில் வழமையாக முதன்மைப் பயனரே திறக்கலாம் என்பதை நினைவிற் கொள்க. இதற்காகச் செயலி முழுவதையும் முதன்மைப் பயனராக ஓடவிடுதல் ஆபத்தானது. அதனுட் புகுந்த பகைவன் கணினி முழுவதையும் கைக்கொள்வான். துறை திறக்கும் உரிமையை மாத்திரம் அளித்தலே தக்கது. 8080 போன்ற துறைக்கு மாறுதலும் ஒரு வழியெனினும், வருவோர் அவ்வெண்ணையும் முகவரியோடு சேர்த்து எழுதவேண்டி வரும். 99 எனின், அமைப்பிலுள்ள முகவரியைக் கணினியின் இன்றைய முகவரியோடு ஒப்பிட்டுத் திருத்துக.

தளம் மீண்டும் தோன்றியதும் வேலை முடிந்ததென எண்ணலாகாது. இரு சேவையகங்களும் தாமே தொடங்குமாறு அமைந்திருப்பின், அடுத்த மின்தடையின் பின் முந்தியதே துறையைக் கொள்ளும். வேண்டாததன் தன்னியக்கத் தொடக்கத்தை நிறுத்துக. எந்தத் துறை எதற்குரியது என்பதை ஆய்வுகூடக் குறிப்பேட்டில் எழுதி வைத்தால், நமக்குப்பின் பொறுப்பேற்பவர் இருளிலே தடவவேண்டியதில்லை.