பத்தடி தூரத்தில் 4கே

1982 பெப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கிய இலங்கையின் ரூபவாஹினி தொலைக்காட்சி கைக்கொண்ட பால் (PAL) எனும் ஒளிபரப்பு முறையில் ஒரு படம் 625 கோடுகளால் ஆனது. அவற்றுள் திரையில் தெரிபவை 576 மட்டுமே. மின்சாரம் இல்லாத 1990களில் ஜெனரேற்றரை ஓட்டி வீடியோ நாடாவில் படம் பார்த்த யாழ்ப்பாணத்தவருக்கு அந்த நுணுக்கமும் கிடைக்கவில்லை. அதற்காகப் படத்தை விட்டெழுந்தவர் எவருமிலர். இன்று அதே குடாநாட்டுக் கடைகளில் முன்வரிசையில் நிற்பது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகளைக் கொண்ட 4கே தொலைக்காட்சி, முழு எச்.டி. திரையில் இருப்பவை இதன் காற்பங்கே.

கண் வைத்தியர் 6/6 எனக் குறிக்கும் பார்வை, ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு அளவான இடைவெளியைப் பிரித்தறியவல்லது. 43 அங்குல முழு எச்.டி. திரையில் ஒரு புள்ளியின் அகலம் அரை மில்லிமீற்றர் ஆகையால், 1.7 மீற்றருக்கு அப்பால் அடுத்தடுத்த புள்ளிகள் ஒன்றாகக் கலந்துவிடும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் கண்ணின் எல்லையைப் பாகைக்கு 94 புள்ளிகள் என உயர்த்திக் கணித்தனர்; அதன்படியும் அத்தூரம் 2.7 மீற்றரைத் தாண்டாது. கதிரைகளை ஒரு சுவரோரமும் தொலைக்காட்சியை எதிர்ச்சுவரிலும் வைக்கும் வீட்டிலோ இடைவெளி பத்தடி, அதாவது மூன்று மீற்றர்.

இதனிலும் விந்தையானது நிறம். 4கே என வழங்கப்படும் ஒளிபரப்பிலும் இணையப் படங்களிலும் வெளிச்சம் மட்டுமே 4கே அளவில் வருகின்றது. நான்கு புள்ளிகள் சேர்ந்த சதுரத்துக்கு வெளிச்ச அளவுகள் நான்கு இருக்க, நிறத்துக்கு ஒரே ஒரு சோடி எண்களே அனுப்பப்படுவதால், நிறத்தின் நுணுக்கம் முழு எச்.டி. அளவிலேயே நின்றுவிடுகின்றது. கோயில் திரைச்சீலை வரைபவர் மெல்லிய கோட்டில் உருவத்தைத் தீட்டிவிட்டு அகன்ற தூரிகையால் வர்ணம் நிரப்புவது போன்ற இச்சிக்கனம் பழைய பால் முறையிலும் இருந்ததே. விழித்திரையின் நடுப்புள்ளியில் நீலத்தை உணரும் கூம்புக் கலங்களே இல்லை என்பதும், நிற வேறுபாட்டைவிட வெளிச்ச வேறுபாட்டையே கண் கூர்மையாக உணரும் என்பதும் இந்த ஏமாற்று வெளித்தெரியாமைக்குக் காரணங்கள்.

தரைவழி ஒளிபரப்புக்கு 2014இல் ஜப்பானிய டிஜிட்டல் முறை தெரிவுசெய்யப்பட்டும் மாற்றம் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதால், அன்ரெனாவை நம்பிய வீடுகளுக்குப் பழைய 576 கோடுகளே வந்துகொண்டிருந்தன. குறைந்த நுணுக்கத்தில் வரும் படத்தின் இல்லாத புள்ளிகளைத் தொலைக்காட்சியே ஊகித்து நிரப்ப வேண்டும். மலிவான பெட்டிகள் இதனை அரைகுறையாகவே செய்து முகங்களை மெழுகாக்கிவிடுகின்றன. உண்மையான 4கே படமோ நெற்பிளிக்ஸில் மணித்தியாலத்துக்கு 7 ஜிகாபைற் வரை டேற்றாவை விழுங்கும். வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பணம் பெட்டியிலுள்ள எண்ணுக்காகக் கரைவது வருந்தத்தக்கது. கறுப்பு கறுப்பாகத் தெரியும் திரைக்கும், உரையாடல் தெளிவாகக் கேட்கும் ஒலிபெருக்கிக்கும் அது செலவாவதே தகும்.

50 அங்குலத்துக்கு மேற்பட்டவை பெரும்பாலும் 4கே ஆகவே வருவதால் அங்கே தெரிவுக்கு இடமில்லை. 43 அங்குலமும் அதற்குக் குறைந்ததும் வாங்குவோருக்கு முழு எச்.டி. போதும். கடையில் ஓடும் மாதிரிக் காட்சி 4கே திரைக்கென்றே படமாக்கப்பட்டது. அதை நிறுத்தி, வீட்டில் அன்றாடம் பார்க்கும் அலைவரிசையைப் போடச்சொல்லி, பத்தடி தள்ளி நின்று பார்த்த பின்னரே விலை பேசுக.