பேஸ் கிட்டாருக்கு எத்தனை வாட் வேண்டும்?

பங்காருபாளையத்திலிருந்து சித்தூர், பலமநேர் என்று மெல்லிசைக் கச்சேரிக்குப் பஸ்ஸில் போகும் நம் இளைஞர்களுக்கு, பேஸ் கிட்டார் ஆம்ப்ளிபையரின் எடையும் முக்கியம். வாட் கூடினால் சத்தம் அதே அளவு கூடிவிடாது. 100 வாட்டை 200 ஆக்கினால் கிடைப்பது 3 டெசிபெல்தான். காதுக்கு இரு மடங்காகக் கேட்க ஏறத்தாழ 10 மடங்கு வாட் தேவை. சென்சிடிவிட்டி 3 டெசிபெல் கூடுதலான ஸ்பீக்கர், வாட்டைக் கூட்டாமலே அதே பலனைத் தரும். ஆகவே முதலில் ஸ்பீக்கரைக் கவனியுங்கள். ஆனால் தடித்த தந்தியின் நாதம் 41 ஹெர்ட்ஸ். மிகச் சிறிய பெட்டியில் அது மெலிந்துவிடும். 'டி' வகை ஆம்ப்ளிபையரும் நியோடிமியம் காந்த ஸ்பீக்கரும் எடையைக் குறைக்கும். ஒரே பெரிய பெட்டிக்குப் பதில் 8 ஓம் பெட்டிகள் இரண்டு வாங்கலாம். சிறிய மண்டபத்துக்கு ஒன்று போதும். இரண்டையும் இணைத்தால் 4 ஓம் ஆகும். ஆம்ப்ளிபையர் அதைத் தாங்குமா என்று கடையிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பணமும் மிஞ்சும், முதுகும் பிழைக்கும்.