மாஸ்டர் ஹிரண்ணய்யா: சிரிக்க வைத்தே கேள்வி கேட்ட மேடைக் கலைஞர்

கன்னட நாடக மேடையில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக மக்களைச் சிரிக்க வைத்தவர் மாஸ்டர் ஹிரண்ணய்யா. 1934 பிப்ரவரி 15 அன்று மைசூரில் பிறந்த இவரது இயற்பெயர் நரசிம்மமூர்த்தி. தந்தை கே. ஹிரண்ணய்யா பெயர்பெற்ற நாடகக் கலைஞர். வயலின் மேதை சௌடய்யா தயாரித்த ‘வாணி’ (1943) படத்தை இயக்கியவர். சிறுவயதில் சென்னையில் வளர்ந்த மகனுக்குக் கன்னடத்தோடு தமிழும் தெலுங்கும் வசப்பட்டன. இந்த மூன்று மொழிகளும் ஒரே சந்தையில் புழங்கும் தமிழக–கர்நாடக எல்லையோரத் தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரத்து மக்களுக்கு அவருடைய பேச்சு வளம் எங்கிருந்து வந்தது என்பது எளிதில் விளங்கும்.

மைசூரில் கல்லூரியில் படித்த காலத்தில் செய்தித்தாள் விற்றுச் செலவுக்குப் பணம் தேடினார். 1953இல் தந்தை இறந்தார். அவர் விட்டுச்சென்ற ‘ஹிரண்ணய்யா மித்ர மண்டளி’ நாடகக் குழுவைப் பின்னர் மகன் தம் தோளில் ஏற்றிக்கொண்டார். குப்பி வீரண்ணா போன்ற பெரிய கலைஞர்கள் வளர்த்த கம்பெனி நாடகக் காலம் அது. ஊருக்கு ஊர் கொட்டகை போட்டு, திரைச்சீலை கட்டி, இரவு வெகுநேரம் வரை நாடகம் நடக்கும். வசூல் குறைந்தால் குழுவே பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

அந்தக் குழுவை நாடறியச் செய்த நாடகம் ‘லஞ்சாவதார’. லஞ்சத்தையே கருவாகக் கொண்ட இது, 1950களின் இறுதியில் மேடையேறி ஆயிரக்கணக்கான முறை நடிக்கப்பட்டது. எழுதிவைத்த வசனத்தோடு அவர் நின்றுவிடுவதில்லை. காலையில் செய்தித்தாளில் வந்த ஊழல் செய்தி இரவு மேடையில் வசனமாகிவிடும். கதையை நடுவில் நிறுத்திவிட்டுப் பார்வையாளர்களிடம் நேராகப் பேசுவார். அரங்கம் சிரித்து ஓயுமுன் அடுத்த கேள்வியை வீசுவார். ஒரே நாடகத்தை மக்கள் மீண்டும் மீண்டும் பார்க்க வந்ததற்கு இதுவே காரணம். ‘நடுபீதி நாராயண’, ‘மக்மல் டோபி’, ‘தேவதாசி’ ஆகியவையும் பெரும் வரவேற்பைப் பெற்றன.

இந்தத் துணிச்சலுக்கு விலையும் கொடுத்தார். 1970களில் தேவராஜ் அர்ஸ் கர்நாடக முதலமைச்சராக இருந்தபோது, ‘கபிமுஷ்டி’ நாடகத்தின் அரசியல் விமர்சனம் ஆட்சியாளர்களின் எதிர்ப்பைச் சந்தித்து நீதிமன்றம் வரை சென்றது. தமிழ் மேடையில் இவருக்கு நிகரானவர் எம்.ஆர். ராதா. ‘ரத்தக்கண்ணீர்’ நாடகத்தில் அன்றாட அரசியலைச் சேர்த்துப் பேசியவர் அவர். அவரது நாடகங்களை மனத்தில் வைத்தே சென்னை மாநில அரசு 1954இல் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டம் கொண்டுவந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. எல்லைக்கு இருபுறமும் ஆட்சியாளர்களை அசைத்தது நகைச்சுவைதான்.

ஹிரண்ணய்யா 2019 மே 2 அன்று பெங்களூருவில் தமது 85ஆம் வயதில் காலமானார். அவர் மகன் பாபு ஹிரண்ணய்யாவும் நடிகரே. தளியிலிருந்து பெங்களூருவுக்கு ஓரிரு மணி நேரப் பயணம்தான். கன்னடம் அறிந்த எல்லையோர மக்கள் வாய்ப்புக் கிடைக்கும்போது ‘லஞ்சாவதார’ நாடகத்தை ஒருமுறையேனும் பார்க்க வேண்டும். லஞ்சம் ஒழியாத வரை அதன் வசனங்கள் பழையதாகப் போவதில்லை.