மணி அடிப்பதற்கும் அளவு உண்டு

நீங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். வாசலில் மணி, எழுந்துபோய் ஒரு கடிதம் வாங்கி வருகிறீர்கள். உட்கார்ந்ததும் மீண்டும் மணி! நூறு முறை இப்படியானால் கணக்கு முடியுமா?

கணினிக்கும் இதே தொல்லை உண்டு. செய்திகள் பொட்டலம் பொட்டலமாக வருகின்றன. வந்ததும் வலையட்டை செயலியைக் கூப்பிடுகிறது. இதுவே 'குறுக்கீடு'. செயலி கைவேலையை நிறுத்திவிட்டு வரவேண்டும். விநாடிக்கு நூறு கோடி பிட்டுகள் செல்லும் ஈதர்நெட்டில் மிகச் சிறிய பொட்டலங்கள் விநாடிக்குச் சுமார் 14,88,000 வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் மணி என்றால், செயலி மணிக்குப் பதில் சொல்லியே களைத்துவிடும். பொட்டலங்களைப் பிரிக்க நேரமிராது. 1996இல் மோகுல், ராமகிருஷ்ணன் என்ற இருவர் இந்த முடக்கத்தை விரிவாக ஆராய்ந்தனர்.

விநாடிக்கு 8,000 மணிதான் என்று கட்டுப்படுத்துவோம். ஒரு மணிக்கு 186 பொட்டலங்கள். செயலிக்கு மூச்சு வரும். 4,000 ஆக்கினால் இன்னும் நல்லதுதானே? அவசரப்படாதீர்கள்! இப்போது 372 சேரும். அட்டைக்கு ஒதுக்கிய இடங்கள் 256 மட்டுமே என்றால் மீதி 116 தொலைந்துபோகும். இழப்பைத் தடுக்கப் போய் இழப்பையே வாங்கினோம்! இடங்களை 512 ஆக்கலாம். ஆனால் தனியே வந்த பொட்டலம் 250 மைக்ரோ விநாடி வரை காத்துக் கிடக்க நேரும்.

லினக்ஸ் வேறு வழி பார்க்கிறது. முதல் பொட்டலத்துக்கு மணி. உடனே மணியை அடைத்துவிட்டுச் செயலியே போய் அள்ளி வருகிறது. கூட்டம் தீர்ந்ததும் மணி திறக்கப்படுகிறது.