மலை வயிற்றில் ஒரு வெந்நீர் அண்டா!

ஸ்விட்சர்லாந்தின் ப்ரிக் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். சற்று நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே கும்மிருட்டு. சிம்ப்ளான் சுரங்கம்! நீளம் 19.8 கிலோமீட்டர். நாடு மாறுவதே உள்ளேதான். வெளிச்சம் வந்தால் இத்தாலி!

1898-ல் இரண்டு பக்கமிருந்தும் குடைய ஆரம்பித்தார்கள். மலை சும்மா விடுமா? பாறையின் சூடு சுமார் 55 டிகிரி. போதாததற்கு வெந்நீர் ஊற்று வேறு பீறிட்டது. மனுஷன் நிற்க முடியுமா?

இதற்கு முன் (1872-82) காட்ஹார்ட் சுரங்கத்தில் காற்றோட்டம் இல்லாமலும் நோய் கண்டும் ஏகப்பட்ட தொழிலாளிகள் செத்துப் போயிருந்தார்கள். அந்தக் கதி மறுபடி வேண்டாம் என்று, எஞ்சினியர் ஆல்ஃப்ரட் பிராண்ட்டின் திட்டப்படி 17 மீட்டர் தள்ளி இன்னொரு பாதையும் கூடவே குடைந்தார்கள். அதன் வழியே நல்ல காற்று உள்ளே போனது. சுடுகிற பாறை மேல் குளிர்ந்த தண்ணீரைப் பீய்ச்சியடித்தார்கள்.

1905 பிப்ரவரி 24. இரண்டு கோஷ்டியும் நடுவில் சந்தித்தன. பக்கவாட்டில் பிசகு சுமார் 20 சென்டிமீட்டர்தான்! வீட்டுச் சுவரில் நான் அடிக்கிற ஆணியே அதைவிட விலகிப் போகும்.

அதைப் பார்க்க பிராண்ட் இல்லை. 1899-லேயே இறந்துவிட்டார். ஆனால், தொழிலாளிகள் மூச்சு விட வெட்டிய அந்தப் பக்கத்துப் பாதை பிற்பாடு அகலமாகி, 1922 முதல் அதிலும் ரயில் ஓடுகிறது!