பூனையும் முடி உருண்டையும்



பூனை கழுத்தை நீட்டி, வயிறு குலுங்க ஓங்கரித்து, கடைசியில் விரல் நீளத்துக்கு ஈரமான முடிச்சுருள் ஒன்றைக் கக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த சிறு முட்கள் நிறைந்திருக்கின்றன. உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது உதிர்ந்த முடி அவற்றில் சிக்குகிறது. துப்ப வழியில்லாமல் பூனை விழுங்கிவிடுகிறது. பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். இரைப்பையில் தங்குவதுதான் உருண்டையாகத் திரள்கிறது.

இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய முதல் வைத்தியம் சீப்பு. பெர்சியன் போன்ற நீண்ட முடிப் பூனைக்குத் தினமும், நாட்டுப் பூனைக்கு வாரம் ஓரிரு முறையும், முடி வளரும் திசையிலேயே மென்மையாக வாரிவிடுங்கள். பிறகு ஈரத் துணியால் துடைத்தால், ஒட்டியிருக்கும் மிச்ச முடியும் வந்துவிடும். நல்ல தண்ணீரை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். உலர் தீவனத்தோடு ஈர உணவும் கொடுங்கள்.

விளக்கெண்ணெய், நெய் என்று எதையும் பூனையின் வாயில் ஊற்றாதீர்கள். மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரல் கெடும். முடி வழுக்கி வெளியேற உதவும் பசை மருந்தை, மருத்துவர் சொன்னால் மட்டும் கொடுங்கள்.

எப்போதாவது ஒன்று கக்கினால் பயமில்லை. ஆனால், எதுவும் வெளிவராமல் திரும்பத் திரும்ப ஓங்கரித்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டாலோ, மலம் கழிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, குடலில் அடைப்பு இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.