நத்தை தின்னும் நாரையும் மின்மினியும்

மதுரைச் சுற்றுப்புறத்து நஞ்சைகளில் நத்தையைத் தின்று ஜீவிப்பவற்றுள் இரண்டு: நத்தைகுத்தி நாரை, மின்மினி. மின்மினி ஈயன்று, வண்டினமேயாம்.

நாரைக்கு ஆதரவு உண்டு. 1972-ம் வருஷத்துச் சட்டப்படி அதைச் சுடுவது குற்றம். சிவகங்கை ஜில்லா வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977-ல் பறவைகள் சரணாலயமாயின. அவ்விடத்துக் கொள்ளுகுடிப்பட்டியார் பறவைகள் மிரளாதிருக்கத் தீபாவளியன்றும் பட்டாசு கொளுத்துவதில்லை. எச்சம் கலந்த கண்மாய் நீர் வயலுக்கு உரமுமாகும். ஒரு கண்மாய் வற்றினால் நாரை மற்றொன்றை நாடிப் பறந்துவிடும்.

மின்மினிக்கோ கேட்பாரில்லை. சிறகு முளைத்தபின் அது சில வாரங்களே உயிர்வாழும். நத்தையைத் தின்பது அதன் புழுவே. ஈர மண்ணில் மாதக்கணக்கில் வசித்து, நத்தையைக் கடித்து, விஷநீர் செலுத்திக் கரைத்து உறிஞ்சும். வரப்புப் புல்லுக்குத் தீயிட்டால் இப்புழுவும் மடியும். பறந்து தப்ப வழியில்லை. ஆண் பூச்சி ஒளிவிட்டுப் பெண்ணைத் தேடுவதால், இரவெல்லாம் எரியும் விளக்கினடியில் ஒன்றையொன்று காணாது சந்ததி குன்றும். வாழிடம் அழிதல், விளக்கொளி, பூச்சிமருந்து ஆகிய மூன்றையுமே 2020-ல் வெளியான பன்னாட்டு நிபுணர் விசாரணை முதன்மையான அபாயங்களாகக் கூறிற்று.

சரணாலயம் அமைக்கச் சர்க்கார் வேண்டும். மின்மினிக்கு ஒரு வரப்பே போதும். வாய்க்காலோரத்து வரப்பொன்றில் புல்லைச் செதுக்காமலும் கொளுத்தாமலும், மருந்து படாமலும் மிராசுதார்கள் விட்டுவைக்கலாம். கண்மாய்க் கரை விளக்குகளுக்கு மூடியிட்டு ஒளியைத் தரைநோக்கச் செய்வதும், நடமாட்டம் ஓய்ந்தபின் அணைப்பிப்பதும் கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்கத்தக்கவை. ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலேயே இதைத் தொடங்குவது நலம்.